கானல்வரியும் கேட்டவன் மனமும்

பள்ளி விழாக்களிலும் இசையரங்குகளிலும் வாழ்த்துரை வழங்க வருவோர் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இசை கவலையைப் போக்கும். அதனைப் பழந்தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என்பதே அது. அதற்குக் காட்டும் சான்றுகளும் பெரும்பாலும் இரண்டுதாம். தினைப்புனத்தில் கொடிச்சி பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டு, கதிரையும் உண்ணாமல், நின்ற இடத்தை விட்டும் பெயராமல் யானை உறங்கிற்று என்பது அகநானூறு 102. வழிப்பறிக் கள்வரும் படைக்கலத்தைக் கைவிட்டுக் கொடுமை மாறினர், பாலையாழின் இசைக்கு, என்பது பொருநராற்றுப்படை. இவற்றை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியவர்களுள் நானும் ஒருவன். ஆயின், இவ்விரண்டோடு நிறுத்திக்கொள்வது இலக்கியத்தின் மறுபாதியை மறைப்பதாகும் என இப்போது எண்ணுகிறேன்.

புறநானூறு 281இல் அரிசில் கிழார் புண்பட்ட வீரன் ஒருவனின் மனையைக் காட்டுகிறார். அங்கே காஞ்சிப் பண் பாடுகின்றனர், உண்மை. ஆனால் வேப்பிலையும் செருகுகின்றனர், வெண்சிறுகடுகும் தூவுகின்றனர், நறும்புகையும் எழுப்புகின்றனர். பல காப்புகளுள் ஒன்றாகவே இசை அங்கு நிற்கிறது.

இளங்கோவடிகள் இன்னும் நுட்பமாகச் செல்கிறார். இந்திர விழா முடிந்து, புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் அமர்ந்திருக்கின்றனர். யாழை முதலில் வாசித்துப் பாடியவன் கோவலன். அப்பாட்டில் வேறொருத்தி மேல் அவனுக்கு உள்ள நாட்டம் தெரிவதாக மாதவி கொண்டாள். மகிழ்ந்தவள்போல் காட்டி, ஊடலை உள்ளே வைத்து, யாழை வாங்கித் தானும் ஒரு குறிப்புடையவள்போல் பாடினாள். அப்பாட்டைக் கேட்டு நிலத்தெய்வம் வியந்தது, உலகோர் உள்ளம் மகிழ்ந்தது என்கிறார் அடிகள். கோவலனோ கையை விட்டு எழுந்து போனான்!

பாட்டு ஒன்று, யாழ் ஒன்று, கடற்காற்றும் ஒன்று. ஊரார்க்கு மகிழ்ச்சி தந்த அதே இசை ஒருவனுக்கு நஞ்சாயிற்று. குற்றம் பண்ணிலா? அன்று. கேட்டவனின் மனம் அவ்வேளை இருந்த நிலையே இசைக்குப் பொருள் கற்பித்தது. ஊழ்வினை யாழிசையைச் சாக்காகக் கொண்டு வந்தது என்று அடிகள் கூறுவது காப்பியத்தின் கோட்பாட்டுக்கு ஏற்றதே. எனினும், ஊழை ஒருபுறம் வைத்துவிட்டுப் படித்தாலும் அக்காட்சி சிறிதும் குலையவில்லை என்பதுதான் அவர் புலமை.

இதனை நான் நூலில் கற்றதைவிடப் பள்ளியில் கற்றதே மிகுதி. சில ஆண்டுகளுக்குமுன், பிள்ளைகள் உற்சாகமாக வகுப்புக்குச் செல்லட்டும் என்று, காலை மணி அடிக்குமுன் ஒலிபெருக்கியில் பழைய திரைப்பாடல்களை ஒலிபரப்பச் செய்தேன். பிள்ளைகளும் துள்ளினர். ஒரு நாள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் தூணருகில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். முந்திய வாரம் காலமான அவள் பாட்டிக்கு மிகவும் பிடித்த பாட்டு அது என்று வகுப்பாசிரியை சொல்லியே அறிந்தேன். அது துள்ளலான பாட்டுத்தான், அழுகைப் பாட்டன்று. தாமே தேர்ந்து கேட்கும் இசை தரும் ஆறுதலைப் பிறர் தேர்ந்து கேட்பிக்கும் இசை அந்த அளவுக்குத் தருவதில்லை என இக்கால உளவியல் ஆய்வாளர் பலரும் கண்டுள்ளனர். ஆசிரியப் பயிற்சியில் இதனை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

தோட்டத்து மக்கள் இதனை அறிந்திருந்தனர். நான் பிறந்த லயத்தில் நடுச்சுவர் கூரைவரை எழும்பாது. ஒரு வீட்டு வானொலி பல வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடியும்வரை அடுத்த வீட்டார் வானொலியைத் திறக்கமாட்டார். எவரும் ஆணையிட்டதில்லை. இன்று புந்தோங்கின் வரிசை வீடுகளில் அவ்வழக்கத்தைக் காப்பவரும் உளர். கதவை மூடிக்கொண்டால் போதும் என்பாரும் உளர்.

பக்குடுக்கை நன்கணியார் புறநானூறு 194இல் கண்டதும் இதுவே. ஒரு மனையில் இறந்தவர்க்கு அடிக்கும் பறை. மற்றொன்றில் மணவிழா முழவு. இரண்டும் ஒரே காற்றில் வருகின்றன. உலகைப் படைத்தவனையே பண்பில்லாதவன் என்று நொந்துகொண்ட புலவர், முழவு கொட்டியவனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அதில் சற்றே மனக்குறை உண்டு.

ஆய்ச்சியர் குரவையையும் இந்நோக்கில் மீண்டும் படிக்கவேண்டும். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் வழிகிறது. கறவைக்கும் கன்றுக்கும் உற்ற துயர் நீங்கவேண்டும், கண்ணகியும் காணட்டும் என்று மாதரி குரவை ஆடச் செய்கிறாள். கைகோத்து ஆடினர், மாயவனைப் பாடினர். அதனைப் பார்த்திருந்த கண்ணகியின் முகம் எவ்வாறிருந்தது என்று இளங்கோவடிகள் எழுதவில்லை.