உள்ளே இருந்தவர் வார்டுக்கு நிற்கலாமா?

2024 மே 30 அன்று நியூயார்க் நீதிமன்றமொன்றில் 34 குற்றச்சாட்டுகளிலும் டொனால்ட் ட்ரம்ப் குற்றவாளியே என்று ஜூரி தீர்ப்பளித்தது. நவம்பரில் அவர் மீண்டும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 ஜனவரி 10இல் அறிவிக்கப்பட்ட தண்டனையில் சிறையும் இல்லை, அபராதமும் இல்லை. ‘பாத்தீங்களா, குற்றவாளியை நிக்கவிட்டா இதுதான் கதி’ என்று நம் நண்பர்கள் பலர் பேச ஆரம்பித்தார்கள். இடதுசாரித் தோழர்களும் இதையே சொன்னதுதான் யோசிக்க வைக்கிறது. நீதிமன்றம் ஒரு மனிதன்மீது குத்தும் முத்திரையை நாம் எப்போதிலிருந்து இவ்வளவு மதிக்கத் தொடங்கினோம்?

ட்ரம்பை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதே தப்பு. ஜனாதிபதியாக விரும்புகிறவரிடம் அமெரிக்க அரசியல் சாசனம் எதிர்பார்க்கும் தகுதிகள் மூன்றுதான்: பிறப்பால் குடிமகன், 35 வயது, 14 ஆண்டு வசிப்பு. தண்டனை பெற்றவரா என்று அது விசாரிப்பதில்லை. 1920இல் சோஷலிஸ்ட் யூஜீன் டெப்ஸ் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே நின்று 9 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றது அதனால்தான் சாத்தியமாயிற்று. கீழே இறங்க இறங்கத்தான் கதவு சாத்தப்படுகிறது. டெக்சாஸில் ‘ஃபெலனி’ தண்டனை பெற்று, மன்னிப்போ வேறு சட்ட விடுவிப்போ பெறாத ஒருவர் தேர்தல் பதவிக்கு நிற்கத் தகுதியற்றவர். நகரசபைப் பதவியும் இதில் அடக்கம். ஜார்ஜியாவில் ‘ஒழுக்கக்கேடு’ சார்ந்த ஃபெலனி என்றால், உரிமைகள் மீட்கப்பட்டிருக்க வேண்டும். தண்டனை முடிந்து 10 ஆண்டு சுத்தமாகக் கழிந்திருக்கவும் வேண்டும். ஆக, அணுகுண்டுப் பொத்தானுக்கு இல்லாத ஒழுக்கச் சோதனை தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் உண்டு.

ஃபெலனி என்பதற்கு நம் மொழியில் நேர்ச்சொல் கிடையாது. மெக்காலே வழிவந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அந்தப் பிரிவினையை எடுத்துக்கொள்ளவில்லை. பழைய இங்கிலாந்தில் அது சொத்துப் பறிமுதலோடு ஒட்டிய சொல். அந்தக் குற்றம் செய்தவனின் அசையும் பொருள் அரசருக்கு, நிலம் பிரபுவுக்கு. ஆள் உயிரோடிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் செத்தவன். நிலப்பிரபுத்துவம் போய்விட்டது, இந்த ‘குடிமைச் சாவு’ மட்டும் கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டது.

சிறை குற்றத்தை ஒழிப்பதில்லை, ‘குற்றவாளி’ என்றொரு ஆளை உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோ சொன்னதைச் சிறுபத்திரிகைகளில் எத்தனையோ முறை எழுதியாயிற்று. அதைச் சொல்லிவிட்டு மிசிசிப்பியைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது வெறும் மேற்கோள் அரசியல். 1865இல் அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தமே ‘குற்றத்துக்கான தண்டனையாக அன்றி’ என்றொரு சந்தை விட்டுவைத்திருந்தது. மிசிசிப்பியின் 1890ஆம் ஆண்டு சாசனம் வாக்குரிமையைப் பறிக்கும் குற்றங்களைப் பட்டியல் போட்டது. திருட்டு, கன்னக்கோல், தீவைப்பு, பொய்ச்சாட்சி, மோசடி, இருதார மணம் எல்லாம் இருந்தன. கொலை இல்லை, வன்புணர்ச்சி இல்லை. அவை சேர்க்கப்பட்டது 1968இல்தான்! கறுப்பர்கள் செய்வார்கள் என்று வெள்ளையர்கள் நினைத்த குற்றங்களின் பட்டியல் அது. அதில் ஒழுக்கத்தைத் தேடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

அலபாமா இன்னும் பச்சையாகப் பேசியது. 1901 சாசன மாநாட்டின் தலைவர், வெள்ளை மேலாதிக்கத்தைச் சட்டபூர்வமாக நிறுவுவதே நோக்கம் என்று மேடையிலேயே அறிவித்தார். அந்தச் சாசனத்தின் ‘ஒழுக்கக்கேடு’ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 1985 வரை ஆயிற்று. வழக்குத் தொடுத்தவர்கள் செய்த மகா குற்றம், பணமில்லாத செக் கொடுத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரென்க்விஸ்ட். தண்டிக்கப்பட்டவர்களின் வாக்கைப் பறிப்பது தன்னளவில் செல்லும் என்று 1974இல் எழுதியவரும் இதே ரென்க்விஸ்ட்தான். நோக்கத்தை வாய்விட்டுச் சொன்னால் தப்பு, சொல்லாமல் செய்தால் சட்டம். வாக்காளரே வேட்பாளராக முடியும் என்று பெரும்பாலான இடங்களில் இருப்பதால், வாக்குப் போனால் பதவியும் போயிற்று.

சரி, எதிர்த்தரப்பில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரத்தை எடுத்துக்கொள்வோம். மேயர் ஜோ கனிம் 2003இல் லஞ்சம், மிரட்டிப் பணம் பறித்தல் உள்ளிட்ட 16 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ 7 ஆண்டு சிறையில் இருந்தார். திரும்பி வந்து வக்கீல் உரிமத்தைத் திருப்பிக் கேட்டார். 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2015இல் மக்கள் அவரை மறுபடியும் மேயராக்கினார்கள். ஒரு கட்சிக்காரனுக்காக வாதாட லாயக்கில்லாதவர் ஒரு நகரத்தையே ஆள லாயக்கானவர்! 2023இல் அவர் வென்ற கட்சி முன்தேர்தலை, தபால் வாக்கு முறைகேட்டுக்காக நீதிபதி ஒருவர் ரத்து செய்தார் (கனிம்மீது அதில் வழக்கு இல்லை). மறுதேர்தலிலும் அவரே ஜெயித்தார். சிறையிலிருந்து திரும்புகிறவர் எல்லாம் ஞானம் பெற்றுத் திரும்புகிறார் என்று நம்மில் சிலர் பேசும் ரொமாண்டிக் பேச்சுக்கு இது நல்ல மருந்து.

பதவியைக் கொண்டே பதவிக்குத் துரோகம் செய்தவரைச் சில காலம் அந்தப் பதவியிலிருந்து விலக்கி வைப்பதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். கனெக்டிகட் வேறொரு வழி பிடித்தது: நில், ஆனால் தேர்தல் செலவுக்கு அரசுப் பணம் கிடையாது. கனிம் இதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார். இதெல்லாம் விவாதிக்கத்தக்க விதிகள். செயலுக்கும் பதவிக்கும் தொடர்பு இருக்கிறது. பத்தொன்பது வயதில் போதைப்பொருளோடு பிடிபட்டவனை ஐம்பது வயதில் பள்ளிக்கூடக் கமிட்டிக்கு நிற்காதே என்பதில் என்ன தொடர்பு இருக்கிறது? ரெண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதுதான் ஃபெலனி என்கிற சொல்லாடலின் வேலை.

அயோவா மாநிலத்தில் அனமோசா என்றொரு சிற்றூர். அங்கே மாநிலச் சிறை இருக்கிறது. கைதிகளையும் மக்கள்தொகையில் எண்ணி வார்டு பிரித்ததில், ஒரு வார்டின் ஏறக்குறைய 1,400 பேரில் 1,300க்கு மேற்பட்டவர்கள் கைதிகள். 2005இல் அந்த வார்டு உறுப்பினர் ஜெயித்தது 2 வாக்குகளில். ஒன்று மனைவி போட்டது, இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரர். தலைக்கணக்குக்கு உடம்பு வேண்டும், குரல் வேண்டாம். பிறகு அந்த ஊர் வார்டு முறையையே கைவிட்டது.

இதற்கு நேர் எதிராக வாஷிங்டன் நகரம். 2020இல் சிறைக்குள் இருப்பவர்களுக்கும் அந்த நகரம் வாக்குரிமை வழங்கியது (மெய்னும் வெர்மாண்டும் எப்போதும் அப்படித்தான்). 2021 ஜூனில் நகரச் சிறையும் பெண்களுக்கான ஒரு தங்கும் விடுதியும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும் சேர்ந்த தொகுதியில் ஜோயல் காஸ்டன் அண்டைக்குழு ஆணையராகத் தேர்வானார். அப்போது அவர் சிறையில். எதிர்த்து நின்ற நான்கு பேரும் கைதிகளே. சம்பளம் இல்லாத பதவி. சுமார் 2,000 பேருக்கு ஓர் ஆள். இந்தக் குழுக்கள் தரும் ஆலோசனைக்கு நகர நிர்வாகம் ‘பெரும் மதிப்பு’ தந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அவ்வளவுதான்.

காஸ்டன் உள்ளே போனது செக் மோசடிக்காக அல்ல, போதைப்பொருளுக்காகவும் அல்ல. பதினெட்டு வயதில் செய்த கொலைக்காக. இங்கேதான் என் வாதம் எனக்கே இடறுகிறது. 26 ஆண்டு சிறை என்று நாம் எழுதிவிடுகிறோம். செத்தவரின் வீட்டில் அந்த 26 ஆண்டு எப்படிப் போனது என்று எழுதுவதில்லை. ‘சமூகம் மன்னித்துவிட்டது’ என்று அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல யாருக்கு உரிமை? எனக்கில்லை, வாக்காளருக்கும் இல்லை. ஆனால் வாக்குச்சீட்டில் பெயர் இருப்பது மன்னிப்பு அல்ல. அந்த வீட்டின் பெயரைச் சொல்லி அரசு சாகும்வரை பழிவாங்கிக்கொண்டிருப்பதை அந்த வீடு கேட்டதா என்பதும் கேள்விதான். தண்டனையை அளந்து கொடுத்தது நீதிமன்றம். அளந்தது தீர்ந்த பிறகும் அளப்பது யார்? தீருவதற்கு முன்பே அந்தத் தொகுதி காஸ்டனைத் தேர்ந்தெடுத்ததை என்னால் முழுமனதோடு கொண்டாட முடியவில்லை. அந்தத் தொகுதியின் பெரும்பகுதி சிறைக்குள்ளேதான் இருந்தது. அதுவரை அதற்கு ஆணையரே இல்லாமல் நாற்காலி காலியாகக் கிடந்தது.