நான்கு கேள்விகளும் ஒரு குறையும்

இரத்தத்தில் கொழுப்பின் அளவு இயல்பாக இருந்தால் நீரிழிவு அண்டாது என்று எண்ணிவிடலாமா? கூடாது. அத்தகையோருக்கும் கணையம் சுரக்கும் இன்சுலின் போதாமற்போகலாம். அல்லது சுரந்தும் சரிவர வேலை செய்யாமற்போகலாம்.

சென்னை ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ கொழுப்பைக் கேட்பதே இல்லை. வயது, வயிற்றுச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் ஆகிய நான்கே கேள்விகள். மொத்தம் 100 மதிப்பெண். 60-ம் அதற்கு மேலும் பெற்றால் அபாயம் மிகுதி. ஊசி வேண்டாம், அளவுநாடா போதும். கிராமச் சுகாதாரப் பணியாளரும் கணக்கிடலாம். இந்த எளிமை பாராட்டத்தக்கது.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டத்தான் வேண்டும். 35 வயதுக்கு உட்பட்டோருக்கு வயதுக்கான மதிப்பெண் சுழி. பெற்றோர் இருவருக்கும் நோய் (20), உடலுழைப்பே இல்லை (30), வயிறோ ஒட்டியது (0) என்றால் ஓர் இளைஞர் பெறுவது 50 தான். ‘நடுத்தர அபாயம்’ என்று கணக்கு அவரை விட்டுவிடும். மேலும், மறைந்திருக்கும் நோயைக் கண்டறியவே இம்முறை முதலில் வகுக்கப்பட்டது; வருங்காலத்தைக் கணிக்க அன்று.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்கள் தாய், தந்தை இருவருக்கும் நீரிழிவு இருந்தால் 60 வரட்டும் என்று காத்திராதீர்கள். மருத்துவரைக் கண்டு, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.