சராசரி மறைக்கும் மழை

தமிழ்நாட்டில் 2015இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது, சென்னை மூழ்கியது. மறு ஆண்டு 62 விழுக்காடு குறைந்தது. காவிரி டெல்டாவில் பயிர் கருகியது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இயல்பில் 95 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வருகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த மழை எந்த ஊரிலும் பெய்யவில்லை.

மழையின் நீண்டகாலப் போக்கை ஆராயும் கட்டுரைகளில் பல இந்தக் கணக்கைத்தான் பெரிய அளவில் செய்கின்றன. ஆண்டு மொத்தத்தை எடுத்து, போக்கு உண்டா என்று பார்க்கும் மான்-கெண்டல் சோதனையில் இட்டு, அந்தப் போக்கின் வேகத்தைக் காட்டும் சென் சரிவைக் கணித்து, "குறிப்பிடத்தக்க போக்கு இல்லை" என்று முடிப்பார்கள். படிப்பவர் அதை "மழை மாறவில்லை" என்று எடுத்துக்கொள்கிறார். போக்கு புலப்படவில்லை என்பதும் மாற்றமே இல்லை என்பதும் ஒன்றல்ல.

இந்த முறையை இழித்துப் பேசுவதும் தவறு. அந்தக் காலத்தில் மாதம் மும்மாரி பெய்தது என்று எல்லாத் தலைமுறையும் சொல்கிறது. நினைவுக்கு மழைமானி கிடையாது. இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் 1910இலேயே இத்தகைய புலம்பலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, நிலையான மாற்றத்துக்குச் சான்றில்லை என்றார். மான்-கெண்டல் சோதனை அளவுகளை விட்டு வரிசையை மட்டும் பார்ப்பதால், ஓரிரு அசாதாரண ஆண்டுகள் முடிவைப் புரட்டிவிட முடியாது.

அந்த உறுதியே அதன் குருடும் ஆகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆண்டின் உச்ச ஒருநாள் மழையை வரிசைப்படுத்தினால் அதற்கு முதலிடம், அவ்வளவுதான். பழைய உச்சத்தைவிட ஒரு சென்டிமீட்டர் மட்டும் கூடியிருந்தாலும் அதே முதலிடம்தான். வடிகால் கட்டும் பொறியாளருக்கு இந்த வேறுபாடே உயிர்.

கேள்வியை மாற்றினால் விடையும் மாறும். மத்திய இந்தியாவின் நாள்வாரி மழையை 1951 முதல் 2000 வரை அலசிய கோஸ்வாமி குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு, பருவ மொத்தம் பெரிதாக மாறாத அதே காலத்தில் கனமழை நிகழ்வுகள் கூடி, மிதமான மழை குறைந்ததைக் காட்டியது. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்ததால் மொத்தம் அசையவில்லை. இந்தத் துறையில் நான் மதிக்கும் வேலை இதுதான்.

தொடக்க ஆண்டிலும் சூது உண்டு. இந்தியாவில் 1950கள் தாராளமாகப் பெய்த காலம். அங்கிருந்து கோடு இழுத்தால் இறங்கும். 1871இலிருந்து இழுத்தால் ஏறக்குறையக் கிடையாகும். அளவுகோலும் நகர்கிறது: நாட்டின் தென்மேற்குப் பருவமழைக்கான நீண்டகாலச் சராசரி 2022இல் 88 சென்டிமீட்டரிலிருந்து 87 ஆனது. இன்னொன்று, தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களைத் தனித்தனியே 5 விழுக்காடு வரம்பில் சோதித்தால், போக்கே இல்லாவிட்டாலும் ஏறத்தாழ இரண்டில் போக்கு தென்படும். கட்டுரைச் சுருக்கத்தில் முதலில் இடம்பிடிப்பவை அந்த இரண்டாகவே இருக்கும்!

எனக்குப் பெரிதாகப் படுவது மழைமானிதான். ஒரு பகுதியில் பத்து மானிகளின் சராசரி ஓரிடப் பெருமழையைத் தணித்துக் காட்டும். அவற்றில் எட்டு நின்றுபோனால், அதே வானம் மூர்க்கமானதாகத் தெரியும். எந்த மானி எந்த ஆண்டு இடம் மாறியது, எது பதிவை நிறுத்தியது என்பதைச் சோதனை தானாகச் சொல்லாது. பழைய பதிவேடுகளைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மென்பொருளில் ஒரு நொடியில் சரிவு கிடைக்கும்போது, அந்த வேலைக்கு உட்காருபவர்கள் குறைவு.