156-73: பெருந்தோல்வியை ரசிகர்கள் பேசும் விதம்

2012 ஆகஸ்ட் 2 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கூடைப்பந்து அணி நைஜீரியாவை 156-73 என்று வென்றது. முதல் குவார்ட்டரில் மட்டும் 49 புள்ளிகள், பாதி ஆட்டத்தில் 78. கார்மெலோ ஆன்தனி களத்தில் இருந்தது 14 நிமிடம்தான். அதற்குள் 37 புள்ளிகள் எடுத்துவிட்டார். 1988இல் சியோலில் எகிப்துக்கு எதிராக பிரேசில் எடுத்த 138தான் அதுவரை ஒலிம்பிக்கின் உச்சமாக இருந்தது.

நெருக்கமாக முடிந்த ஆட்டம் என்றால் ரசிகர்கள் கடைசி இரண்டு நிமிடத்தைப் பிரித்துப் பிரித்துப் பேசுவார்கள். யார் பந்தை விட்டார், யார் ஃபவுல் செய்தார் என்று பேச்சு களத்துக்குள்ளேயே சுற்றும். ஒருதலையாக முடிந்த ஆட்டத்தில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு கணம் கிடைப்பதில்லை. அதனால் பேச்சு களத்தைத் தாண்டி வெளியே போகிறது. இந்த அணியெல்லாம் ஒலிம்பிக்குக்கு எதற்கு? இவ்வளவு அடித்திருக்க வேண்டுமா? அமெரிக்காவின் 1992 ட்ரீம் டீமோடு மோதினால் இவர்கள் தாங்குவார்களா? இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. வெட்டிப்பேச்சு என்று மொத்தமாகத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெருந்தோல்விகளைப் பற்றிப் பயிற்சியாளர்கள் பொதுவில் அதிகம் பேசமாட்டார்கள். செய்தித்தாள்கள் சாதனைப் பட்டியலோடு முடித்துக்கொள்ளும். உட்கார்ந்து அலசுகிறவர்கள் ரசிகர்கள்தான்.

அந்த அலசலின் முதல் பலம் கணக்கு. நல்ல கூடைப்பந்து ரசிகர் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பார். அன்று அமெரிக்கா மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 46 முறை எறிந்து 29ஐ உள்ளே போட்டது. 156இல் 87 புள்ளிகள் அதிலேயே வந்துவிட்டன. ஆன்தனி மட்டும் 12க்கு 10. சர்வதேச ஆட்டங்களில் அந்தக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர் தூரம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் நேர் எதிரே 7.24 மீட்டர். சீசன் முழுக்க அரை மீட்டர் தள்ளி நின்று எறிந்தவர்களுக்கு இங்கே தடுக்க ஆளும் இல்லாமல் இடம் கிடைத்தது. அப்படியிருந்தும் 63 சதவீதம் என்பது எந்த அணிக்கும் வழக்கமாக அமைவதில்லை. நல்ல அணி ஒன்று வழக்கமாகப் போடும் 36, 37 சதவீதத்தை வைத்து அதே 46 வீச்சுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 17தான் விழும். 36 புள்ளிகள் குறைந்து வித்தியாசம் 47க்கு இறங்கிவிடும். அப்போதும் அது படுதோல்விதான். ஆனால் அந்த 83 புள்ளி வித்தியாசத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு இரு அணிகளின் தரத்தால் வந்ததில்லை, அன்று எறிந்ததெல்லாம் விழுந்ததால் வந்தது என்று தெரிந்துவிடுகிறது. இந்த மாதிரிக் கணக்கைப் போட்டுக்காட்டும் ரசிகர், சாதனைப் பட்டியலைவிட ஆட்டத்துக்கு உண்மையாக இருக்கிறார்.

அடுத்தது இரக்கத்தைப் பற்றிய வாதம். 'ஜெயித்தாகிவிட்டதே, அதற்கு மேல் ஏன் அடிக்கிறீர்கள்' என்ற கேள்வி ஒவ்வொரு பெரிய வித்தியாசத்துக்குப் பின்னும் வரும். கேட்பவர்களின் மனசு நல்லது. ஆனால் ஆட்டத்தின் விதி அவர்களுக்குத் துணை நிற்காது. கால்பந்தில் நாலு கோல் போட்ட அணி பந்தைத் தனக்குள்ளேயே தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். கூடைப்பந்தில் 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். எறியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். வேண்டுமென்றே தவறவிட்டால்? எதிரே நிற்பவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. உட்கார்ந்திருப்பவர்களை இறக்கலாம் என்பார்கள். அதையும் செய்தார்கள். லெப்ரான் ஜேம்ஸையும் கோபி பிரையன்ட்டையும் இரண்டாம் பாதியில் இறக்கவில்லை, ஆன்தனியையும் உட்காரவைத்தோம் என்று பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி விளக்கம் சொன்னார். ஆனால் அந்த அணியின் பெஞ்சில் கடைசி ஆளாக இருந்தவர் அந்த ஆண்டு என்பிஏ டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான ஆன்தனி டேவிஸ். முதல் ஐவர் வெளியே வந்தால் வேகம் குறையும் என்ற எதிர்பார்ப்பு இப்படிப்பட்ட அணியிடம் செல்லாது. பத்தாவது ஆளுக்கும் ஒலிம்பிக்கில் ஆடக் கிடைப்பது அந்தச் சில நிமிடம்தான். அதிலும் அவனை அடக்கி ஆடச் சொல்வது நியாயமில்லை.

ஜெயிக்கும் அணியிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டே விஷயம். ஆட்டம் கையைவிட்டுப் போன பிறகு களம் முழுக்கத் துரத்தி நெருக்குவதை நிறுத்த வேண்டும். எதிராளியை மதித்து நடக்க வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். 1992இல் பார்சிலோனாவில் ட்ரீம் டீம் தன் முதல் ஆட்டத்தில் அங்கோலாவை 116-48 என்று வென்றது. நடுவே ஒரு கட்டத்தில் அமெரிக்கா 46 புள்ளிகள் எடுக்க அங்கோலாவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அப்போது அமெரிக்காவின் சார்ல்ஸ் பார்க்லி அங்கோலாவின் ஹெர்லாண்டர் கோயிம்ப்ராவை முழங்கையால் நெஞ்சில் இடித்தார். அந்த ஃபவுலுக்குக் கொடுத்த ஃப்ரீ த்ரோவில் வந்த புள்ளிதான் அது. அந்த இடியைக் கண்டித்துப் பேசிய ரசிகர்கள் சரியாகவே பேசினார்கள். ஆனால் 68 புள்ளி வித்தியாசத்தையும் முழங்கையையும் ஒரே குற்றமாகச் சேர்த்துப் பேசினால் இரண்டாவதன் கனம் குறைந்துவிடும். வித்தியாசம் திறமையால் வந்தது. முழங்கை திமிரால் வந்தது.

போட்டி அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து 12 அணிகளை மூன்று குரூப்பாகப் பிரிக்கிறார்கள். மூன்றாமிடம் பெறும் மூன்று அணிகளில் இரண்டு காலிறுதிக்குப் போகலாம். வெற்றிகள் சமமாக இருந்தால் புள்ளி வித்தியாசம் பார்ப்பார்கள். நெட் ரன் ரேட் கணக்குப் போட்டுப் பழகிய நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதன் விளைவு உடனே புரியும். 30 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணிகூட இன்னும் பத்து எடுக்கத்தான் பார்க்கும். தோற்கும் அணியும் 40ஐ 35 ஆக்கப் போராடும். 2012இல் அமெரிக்காவுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை என்பது உண்மை. ஆனால் இன்றைய ஆட்டங்களைப் பேசும்போது விதியை விட்டுவிட்டு வீரர்களின் மனசாட்சியை மட்டும் பிடித்துக்கொள்வது அரைகுறை விவாதம்.

பேச்சு முழுதாகத் தடம் மாறுவது வித்தியாசத்தை ஒரு நாட்டின் தகுதிக்கு அளவுகோலாக எடுக்கும்போதுதான். 'இவர்கள் இங்கே வந்திருக்கவே கூடாது' என்ற வாக்கியத்தை நைஜீரியாவைப் பற்றி எத்தனையோ பேர் சொன்னார்கள். லண்டனுக்கு ஒரு மாதம் முன்பு கராகஸில் நடந்த தகுதிச் சுற்றில் அதே நைஜீரியா லித்துவேனியாவையும் கிரீஸையும் வென்றுதான் முதல் முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தது. 83 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற நான்கு நாள் கழித்து பிரான்ஸிடம் 79-73 என்று, வெறும் ஆறு புள்ளியில் தோற்றது. நைஜீரியாவை நொறுக்கிய அமெரிக்கா இரண்டு நாள் கழித்து லித்துவேனியாவிடம் திணறி 99-94 என்றுதான் தப்பியது. நைஜீரியாவிடம் கராகஸில் தோற்ற அதே லித்துவேனியா! இந்த மூன்று அணிகளை ஸ்கோர் வித்தியாசத்தை வைத்து வரிசைப்படுத்த முடியுமா? முடியாது. ஒரு ஆட்டத்தின் வித்தியாசம் அந்த இரண்டு அணிகளும் அந்த ஒரு நாளில் எப்படிப் பொருந்தின என்பதைத்தான் சொல்லும். அங்கோலாவையும் பாருங்கள். 48 புள்ளியில் சுருண்டதால் உலகமே பரிதாபப்பட்ட அந்த அணி, அதே பார்சிலோனாவில் போட்டியை நடத்திய ஸ்பெயினை 83-63 என்று அதன் சொந்த மண்ணில் வீழ்த்தியது. 1992ஐ நினைவுகூரும் எத்தனை பேர் இந்த ஆட்டத்தைச் சொல்கிறார்கள்?

ஈராக்கின் கதை இன்னும் விசித்திரம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சீனாவிடம் 125-25, கொரியாவிடம் 120-20 என்று இரண்டு முறை சரியாக நூறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டில் அதே ஈராக் ஏமனை 251-33 என்று வென்றது. சர்வதேச ஆண்கள் கூடைப்பந்தில் மிகப் பெரிய வித்தியாசமாக இன்றும் சொல்லப்படுவது அதுதான்.

பெருந்தோல்வியைப் பேசும் ரசிகர்களிடம் பிரியமான ஒரு கோட்பாடு உண்டு. அடி வாங்கினால்தான் வளர்வார்கள், ட்ரீம் டீம் எல்லோரையும் நொறுக்கியதால்தான் உலகம் கூடைப்பந்து கற்றுக்கொண்டது என்பார்கள். அந்த அணியைப் பார்த்து எத்தனையோ சிறுவர்கள் பந்தைக் கையில் எடுத்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1988 ஒலிம்பிக் அரையிறுதியிலேயே சோவியத் யூனியன் அமெரிக்காவை 82-76 என்று வென்றிருந்தது. 2002இல் இண்டியானாபொலிஸில் என்பிஏ வீரர்கள் கொண்ட அமெரிக்க அணியை முதன்முதலாகத் தோற்கடித்தது அர்ஜென்டினா. 2004 ஒலிம்பிக்கில் தங்கமும் அதற்கே. மனு ஜினோபிலியின் அந்தத் தலைமுறை 1985இல் தொடங்கிய அர்ஜென்டினாவின் தேசிய லீகிலிருந்து வந்தது. ட்ரீம் டீமுக்கு ஏழு ஆண்டு முன்பே போட்ட அடித்தளம் அது. தோல்வி ஊக்கம் தரலாம். பயிற்சியாளரையும் மைதானத்தையும் வாராவாரம் ஆட ஒரு லீகையும் அது தராது. இந்தக் கோட்பாடு ஜெயித்தவர்களுக்குக் குருதட்சணை வாங்கிக்கொடுக்கிறது. உள்ளூரில் உழைத்தவர்களை மறைத்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்திலும் இதே பிழை நடக்கிறது. 2021 ஜூலையில் லாஸ் வேகஸில் நடந்த காட்சி ஆட்டத்தில் நைஜீரியா அமெரிக்காவை 90-87 என்று வென்றது. உடனே பதக்கப் பேச்சு கிளம்பியது. டோக்கியோவில் நைஜீரியா ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு தோல்வியை வைத்துத் தள்ளிவைத்தது போலவே ஒரு வெற்றியை வைத்துத் தலையில் தூக்கிவைத்தார்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது பேச்சில் வராத பெயர்கள். 156-73 ஆட்டத்தில் நைஜீரியாவுக்காக ஐக் டியோகு 27 புள்ளிகள் எடுத்தார். அணியின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்த நிலையில், அப்படிப்பட்ட தடுப்புக்கு எதிராக ஒரு மனிதர் விடாமல் ஆடியிருக்கிறார். ஆன்தனியின் பத்து மூன்று-புள்ளிகளைச் சொல்கிறவர்கள் அவரைச் சொல்வதில்லை.

பெண்கள் ஆட்டம் என்றால் அளவுகோலே மாறிவிடுகிறது. ஆண்கள் 83 புள்ளியில் ஜெயித்தால் வியப்பு. 2022இல் சிட்னி உலகக் கோப்பையில் அமெரிக்கப் பெண்கள் தென்கொரியாவை 145-69 என்று வென்றால் 'போட்டியே இல்லை, போரடிக்கிறது' என்ற பேச்சு. இரண்டே ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அதே அமெரிக்கா பிரான்ஸை ஒரே ஒரு புள்ளியில், 67-66 என்றுதான் வென்றது. போட்டி இல்லை என்று சொன்னவர்கள் பிரான்ஸில் வளர்ந்துகொண்டிருந்த அணியைப் பார்க்கவில்லை.

அந்த சிட்னி போட்டிக்குக் களத்தில் வென்று தகுதி பெற்ற நைஜீரியப் பெண்கள் அணி அங்கே ஆடவே இல்லை. கூடைப்பந்துச் சங்கத்தில் நடந்த சண்டையைக் காரணம் காட்டி, நாடு இரண்டு ஆண்டுகளுக்குச் சர்வதேசக் கூடைப்பந்திலிருந்து விலகுவதாக 2022 மே மாதம் நைஜீரிய அரசு அறிவித்தது. அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டது. ஆனால் அதற்குள் அந்த இடம் மாலிக்குப் போய்விட்டது. வீராங்கனைகள் ஒரு உலகக் கோப்பையை இழந்தார்கள். எந்த ஸ்கோரிலும் ஏறாத தோல்வி இது. 2024 பாரிஸில் அவர்கள் ஆஸ்திரேலியாவை 75-62 என்றும் கனடாவை 79-70 என்றும் வென்று காலிறுதிக்குப் போனார்கள். ஆணோ பெண்ணோ, ஒலிம்பிக் கூடைப்பந்தில் காலிறுதியைத் தொட்ட முதல் ஆப்பிரிக்க அணி அதுதான். காலிறுதியில் அமெரிக்காவிடம் 88-74 என்று தோற்றார்கள். சங்கச் சண்டையில் ஒரு உலகக் கோப்பையைப் பறிகொடுத்த அணி இரண்டே ஆண்டில் எப்படி அங்கே வந்து நின்றது, அந்த நிர்வாகத்தில் எது மாறியது, எது இன்னும் மாறவில்லை என்பதை ஆன்தனியின் வீச்சுக் கணக்கைப் பேசும் அதே நுணுக்கத்தோடு ரசிகர்கள் பேசினால், இரவு முழுக்க உட்கார்ந்து கேட்க நான் தயார்.