கரையில் விடப்பட்டவள்

ருட்யார்ட் கிப்ளிங்கின் 'ஜோர்ஜி போர்ஜி' சிறுகதையை (1888) எங்கள் வாசிப்பு வட்டத்தில் எடுத்தபோது எல்லோருக்கும் கோபம் வந்தது. வரத்தானே வேண்டும். 1885 யுத்தத்தில் மேல்பர்மா பிரித்தானியர் கைக்குப் போகிறது. படைகளோடு அங்கே போன ஒரு வெள்ளைக்காரன், ஊர்த்தலைவனுக்கு 500 ரூபாய் கொடுத்து மகளைக் கூட்டிவந்து குடித்தனம் நடத்துகிறான். அவளுடைய சிக்கனத்தில் காசு சேர்ந்ததும் அவனுக்கு வெள்ளைக்காரப் பெண்சாதி வேண்டியிருக்கிறது. லீவில் போய்க் கலியாணம் முடித்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்துவிடுகிறான். இவள் தேடி அலைந்து அங்கேயும் வருகிறாள். புதுப்பெண்ணைக் கண்டதும் அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்புகிறாள்.

கிப்ளிங் ஏகாதிபத்தியத்தின் பாட்டுக்காரர் என்பது பழைய தீர்ப்பு. இந்தக் கதையில் அது முழுதாகச் செல்லாது. கடைசிக் காட்சியைப் பாருங்கள். கீழே என்ன சத்தம் என்று புதுமனைவி கேட்கிறாள். யாரோ மலைக்காரன் பெண்சாதியை அடிக்கிறான் போல என்கிறான் கணவன். தான் செய்தது இன்னொருவன் தலையில்! அழுவது யாரென்று கதை எங்களுக்கு மட்டும் சொல்கிறது. ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவுகிற எங்களுக்கு இது விளங்க நேரமெடுக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பக்கத்துச் சத்தம் எப்போதும் யாரோவுடையது.

ஆனாலும் கதையின் பரிவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அவளை நாங்கள் அறிவது ஜோர்ஜினா என்றுதான். அதுவும் அவனுடைய பட்டப்பெயரில் இருந்து வெட்டி எடுத்த துண்டு.

இவ்வளவும் பேசி முடிய, வட்டத்தில் மூத்தவரான ஐயா வாய் திறந்தார். ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் பிறந்து, 1964 இல் சிறுவனாகச் சென்னைக்குக் கப்பலேறியவர்.

"வெள்ளைக்காரன் மட்டுந்தானா தம்பி ஜோர்ஜி போர்ஜி? ஊர்ல ஒரு குடும்பம், பர்மாவுல ஒரு குடும்பம்னு எங்க தெருவுலயே இருந்தாங்க. கப்பலேறுறப்ப கரையில யாரு நின்னாங்கன்னு நான் பாத்தேன்."

ஒருவரும் பேசவில்லை. 1930களின் முடிவில் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் காற்பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. இந்தியரை மணந்த பர்மியப் பெண்களின் உரிமை அரசியல் பிரச்சினையாகி, 1939 இல் பௌத்தப் பெண்களின் திருமணத்துக்கும் சொத்துரிமைக்கும் தனிச் சட்டமே வந்தது. கிப்ளிங்கின் வராந்தாவில் எங்கள் ஆட்களுக்கும் நாற்காலி இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வெள்ளைக்காரனில் மட்டும் கோபப்படுவது அரைவாசி விமர்சனம்.

ஜோர்ஜினா வந்த திசையில்தான் 1942 இல் லட்சக்கணக்கான இந்தியர் யப்பானியக் குண்டுக்குத் தப்பி நடந்தார்கள். ஆயிரமாயிரம் பேர் வழியில் செத்தார்கள். அந்த நடையை வெ. சாமிநாத சர்மா எழுதிவைத்தார். அடுத்த கூட்டத்துக்கு அந்த நூலைத்தான் எடுத்திருக்கிறோம். நடந்தவர்களின் கதை அது. நின்றுவிட்டவர்களைப் பற்றி அதில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஐயா.