பொருள் என்னும் சொல்லும் பொருள் மயக்கமும்

பொருள்முதல்வாதம் என்பது யாது என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரிடம் அண்மையில் வினவினோம். பணமே வாழ்வில் முதன்மையானது எனக் கூறும் கொள்கை என்று அவர் தயங்காது விடையளித்தார். அவர் தமிழிலும் பொருளியலிலும் நன்கு தேர்ந்தவர். அவரைக் குறைகூறுவதற்கில்லை. இலக்கண பாடத்திலும் விஞ்ஞான பாடத்திலும் பொருளியற் பாடத்திலும் ஒரே சொல்லை வழங்கும் ஆசிரியர்களாகிய நாம், அச்சொல் துறைதோறும் வேறு கருத்தைத் தாங்கி நிற்பதை ஒருநாளேனும் எடுத்துரைத்தோமா?

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக அமைந்தது. அங்குப் பொருள் என்பது இலக்கியத்தின் உள்ளடக்கமாகிய மனித வாழ்க்கை. திருக்குறளின் பொருட்பாலோ அரசு, அமைச்சு, நட்பு, குடி முதலிய பலவற்றையும் 70 அதிகாரங்களில் அடக்குகின்றது; அதனுள் வரும் ‘பொருள் செயல்வகை’யில் அச்சொல் செல்வத்தையே சுட்டும். சைவ சித்தாந்திக்குப் பதி, பசு, பாசம் ஆகியன முப்பொருள். இறைவனும் அவருக்கு ஒரு பொருளே.

அகப்பாடலிலே இம்மயக்கம் இன்னும் நுட்பமானது. பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிவு. தலைவன் பிரிவதற்குரிய காரணங்களுள் ஒன்று பொருளீட்டல். அதனைப் பொருள்வயிற் பிரிவு என்பர். முன்னைய பொருள் கவிதையின் உள்ளடக்கம், பின்னையது செல்வம். வகுப்பறையில் நாம் முன்னதை விரிவாக விளக்குகின்றோம். பின்னதை ஒரு துறைப்பெயராகக் கூறிக் கடந்துவிடுகின்றோம். அன்புடையாளை நீங்கி வறண்ட சுரத்தினூடே ஒருவனைச் செல்லத் தூண்டிய சமுதாய நிலை யாது என்னும் வினா எழாமலே பாடம் முடிவுறுகின்றது.

இத்தகைய மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1897 இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தபின், பிளக்கவொண்ணாதது அணு என்ற பழைய கருத்துத் தகர்ந்தது. உடனே ஐரோப்பியச் சிந்தனையாளர் சிலர், பொருளே மறைந்தது, ஆகவே பொருள்முதல்வாதமும் வீழ்ந்தது என்றனர். 1909 இல் வெளிவந்த ‘பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்’ என்னும் நூலில் லெனின் இதற்கு விடையிறுத்தார். பௌதிகவியல் ஆராய்வது பொருளின் அமைப்பை. அதுபற்றிய அறிவு வளர்ந்துகொண்டே செல்லும். மெய்யியலில் பொருள் என்பது நமது உணர்வைச் சாராது, அதற்குப் புறத்தே நிலவும் உலகம். மறைந்தது நம் அறிவின் பழைய எல்லையேயன்றி உலகமன்று.

ஐரோப்பாவில் பௌதிகவியலுக்கும் மெய்யியலுக்கும் இடையே நேர்ந்த மயக்கம், நம் மாணவரிடத்தில் பொருளியலுக்கும் மெய்யியலுக்கும் இடையே நேர்ந்துள்ளது. அதன் விளைவு சிறிதன்று. உழைப்பவனின் கூலிக் கோரிக்கையைப் பொருளாசை எனவும், அவன் பக்கம் நிற்போரின் தத்துவத்தைப் பணவழிபாடு எனவும் ஏளனஞ் செய்வோருக்கு இம்மயக்கமே துணை. மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற் பாகம் பண்டத்தை ஆராய்ந்தே தொடங்குகின்றது. அது செல்வத்தைப் போற்றும் ஆராய்ச்சியன்று. பண்டத்தின் பெறுமதிக்குள் மறைந்திருக்கும் மனித உழைப்பை வெளிக்கொணரும் ஆராய்ச்சி.

அங்ஙனமாயின் சடவாதம் என்று பெயரிடலாமே எனச் சிலர் கூறுவர். சடம் என்றதும் அசைவற்றது, உயிரற்றது என்ற எண்ணமே நம்மவர்க்குத் தோன்றும். இயக்கமே பொருளின் இருப்புமுறை என்றார் ஏங்கெல்ஸ். ஆகவே அப்பெயர் ஒரு மயக்கத்தை நீக்கி இன்னொன்றைப் புகுத்தும்.

சொல்லை மாற்றுவதாற் பயனில்லை. சொல்லைக் கற்பிக்கும் முறையே மாறவேண்டும். பொருள் என்று வருமிடமெல்லாம், எத்துறையில், யாருடைய நோக்கில் என்று வினவ மாணவரைப் பழக்குவோம். மேடைகளிலே இத்தத்துவத்தின் பெயரை விளக்கமின்றி முழங்கிவந்த நமக்கும் அவ்வினா உரியதே. நம் மாணவர் அன்று அளித்த விடையில் நம் பங்கும் உண்டு.