‘பிள்ளை’ என்று முடியும் பட்டியல்

சமூகச் சங்கங்களின் ஆண்டு மலர்களில் தவறாமல் வரும் பக்கம் ஒன்று உண்டு: ‘நம்மவர்’ பட்டியல். ஒரே பட்டம் கொண்ட பெரியோரை நூற்றாண்டு பாராமல் வரிசையாக நிறுத்தி, வட்டப் படங்களுக்குள் அடைத்திருப்பார்கள். உலகெங்கும் உள்ள பழக்கம்தான். லாவோட்சியும் ‘லீ’ குடும்பத்தவர் என்று சொல்லி, சீனத்தின் தாங் அரச மரபினர் அவரைத் தங்கள் மூதாதையாக்கிக்கொண்டார்கள். விசுவாசமான தளபதிகளுக்கு அதே குடும்பப்பெயரைப் பரிசாகவும் கொடுத்தார்கள்.

இந்தப் பழக்கத்தை எடைபோடத் திருவனந்தபுரம் தோதான ஊர். ‘பிள்ளை’ என்ற பட்டத்தை இங்கே தமிழ் வேளாளரும் போட்டுக்கொண்டார்கள், நாயர்களும் போட்டுக்கொண்டார்கள். மலர் தயாரிப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

பட்டியலுக்குப் பயனே இல்லை என்று தள்ளிவிட முடியாது. மகாராஜா கல்லூரித் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ வெளிவந்தது 1891-இல். சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலும் அதே ஆண்டில்தான். அரசு வேலைகளை மண்ணின் மக்களுக்குக் கேட்டு, ஜி. பரமேஸ்வரன் பிள்ளை முன்னின்ற ‘மலையாளி மெமோரியல்’ பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளிடம் போனதும் அந்த ஆண்டே. செப்டம்பரில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இந்த நகரத்தில் பிறந்தார். தமிழ் இலக்கிய வரலாறு ஒரு பாதியையும் மலையாள இலக்கிய வரலாறு மறுபாதியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதால், இவர்கள் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் என்பதே நமக்கு உறைப்பதில்லை. பட்டியல் அதை உறைக்க வைக்கிறது.

அகராதிக்காரர்களையும் பாருங்கள். ‘சப்ததாராவலி’ தொகுத்தவர் ஸ்ரீகண்டேஸ்வரம் பத்மநாப பிள்ளை. கேரளப் பல்கலைக்கழகத்தின் மலையாளப் பேரகராதிக்குச் சூரநாடு குஞ்ஞன் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை, அதற்குமுன் திருவனந்தபுரத்தில் வக்கீல். இதை ரத்தத்தின் மகிமை என்று மலர் சொல்லும். அரசர் இந்தப் பட்டத்தை வழங்கும்போது பெயருக்கு முன்னால் ‘கணக்கு’ என்ற அடைமொழியையும் சேர்த்தே வழங்கினார் என்பது எனக்கு அதைவிட நல்ல விளக்கமாகப் படுகிறது. ஓலையும் எழுத்தாணியும் எந்தக் கைகளில் இருந்தனவோ அந்தக் கைகளிலிருந்துதான் அகராதியும் வந்தது.

ரத்தப் பெருமைக்கு இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. மருமக்கள்வழியில் குடும்பம் தாய்வழியே போகும்; தந்தையின் பட்டம் மகனுக்கு இறங்குவதில்லை. நாயர் பெண்கள் ‘அம்மா’ ஆனார்கள், ‘பிள்ளை’ ஆகவில்லை. எனவே எத்தனை பக்கம் நீண்டாலும் இந்தப் பட்டியலில் பெண் வரப்போவதில்லை. நாஞ்சில் வேளாளரிடையிலும் அதே முறை இருந்தது. அதைக் கேலி செய்து ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் மலரில் இருக்கிறார். பாடியது எதை என்று மட்டும் மலரில் இருக்காது.

பட்டியலின் பெரிய குறை, எதிரெதிர் நின்றவர்களைத் தோளில் கைபோட்டு நிற்க வைப்பது. ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் இளவரசனைக் கொல்லத் துடிக்கும் எதிரிகளே எட்டுவீட்டில் பிள்ளைமார். அதை எழுதியவரும் பிள்ளை. ‘சுதேசாபிமானி’ பத்திரிகை ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை, திவானைச் சாடியதற்காக 1910 செப்டம்பர் 26-இல் நாடு கடத்தினார்கள். மலர் இதைத் தடித்த எழுத்தில் போடும். அதே 1910-இல், புலையர் குழந்தைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதைக் குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பிட்டு அவர் எழுதினார். அதைப் போடாது. மெமோரியலில் மூன்றாவது கையெழுத்து டாக்டர் பல்புவுடையது. ஈழவர் என்பதால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூருக்குப் போன மருத்துவர் அவர். பட்டத்தை வைத்துத் தேடினால் அவர் கண்ணில் படவே மாட்டார்.

இதைவிடக் கனமான கதை 1954-இல் நடந்தது. பட்டம் தாணுப் பிள்ளை திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர். தெற்குத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டவர்கள் மீது ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அந்த அமைச்சரவையின் நிதியமைச்சர் பி.எஸ். நடராஜ பிள்ளை, சுந்தரம் பிள்ளையின் மகன். தந்தையின் வரிகளை 1970-இல் தமிழ்நாடு தன் தமிழ்த்தாய் வாழ்த்தாக்கிக்கொண்டது. மகன் துரோகியா, நிலச் சீர்திருத்தத்துக்காக அமைச்சரவையில் பொறுமை காத்தவரா, மொழியைவிட மாநிலத்தைப் பெரிதாக எண்ணியவரா? வாதாட வேண்டிய கேள்வி இது. மூவரையும் ஒரே பக்கத்தில் வட்டப் படங்களாகப் பார்ப்பவருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

அப்படியானால் பட்டத்தை வெட்டிவிடலாமா? தமிழ்நாடு அந்த வழியில் போனது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. நெல்லையில் 1990-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் சுந்தரம் பிள்ளை ‘சுந்தரனார்’ ஆகிவிட்டார். உயிரோடிருப்பவர் தானே துறப்பதை நான் முழுமனதாக ஆதரிப்பேன். இறந்தவர் பெயரில் கத்தரி வைப்பதில்தான் தயக்கம். கிறிஸ்தவராக மாறி, 1752-இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2012-இல் முத்திப்பேறு பட்டம் அளித்தபோது ‘பிள்ளை’ இருந்தது. 2022 மே 15-இல் புனிதராக அறிவித்தபோது இல்லை. சாதி அடையாளம் கூடாது என்ற கோரிக்கையைத் திருச்சபை ஏற்றது. பீடத்தில் வைத்து வணங்கும் பெயருக்கு அது சரியான முடிவு. வரலாற்று நூலில் நீலகண்ட பிள்ளை என்ற அவருடைய பழைய பெயர் இருந்தே ஆக வேண்டும். அரண்மனை உத்தியோகமும் மேல்சாதி மதிப்பும் உள்ள ஒருவர் எல்லாரோடும் சமமாகப் பழகத் துணிந்தார் என்பதே அவர் கதை. அவர் எதை விட்டு இறங்கினார் என்பதற்கு அந்தப் பட்டம்தான் சாட்சி.